மாற்றுச் சிறுநீரகத்தில் நீர் மேலேறுதலும் கிருமித்தொற்றும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நோயாளிகளுக்கு முழுமையான வழிகாட்டி

நீர்க்கடுப்பு வந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதலில் எழும் பேச்சு "உடம்புல சூடு பிடிச்சிருக்கு" என்பதுதான். ஊறவைத்த வெந்தயம், நீர்மோர், தொப்புளில் நாலு சொட்டு விளக்கெண்ணெய். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் சொல்லி இரண்டு மாத்திரை. மற்றவர்களுக்கு இது எப்படியோ போகட்டும். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இந்த வழக்கம் ஆகவே ஆகாது. அவருடைய நீர்க்கடுப்பை, இல்லை என்று பரிசோதனை சொல்லும்வரை, கிருமித்தொற்றாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம், சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமி மேலே சிறுநீரகத்துக்குப் போக அவருக்கு வழி திறந்திருக்கலாம்.

அந்த வழியைப் பற்றியும், அதை எப்படிக் காவல் காப்பது என்பதைப் பற்றியும் இங்கே வரிசையாகச் சொல்கிறோம். இடையில் நிறைய விவரங்கள் வரும். ஆனால் இரண்டு விஷயங்கள் நினைவில் நின்றால் போதும், பாதி வேலை முடிந்தது போலத்தான்: சிறுநீர் எங்கேயும் தேங்கி நிற்கக் கூடாது. முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்னால் யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, மாதிரி கொடுத்திருக்க வேண்டும்.

நீர் ஏன் மேலேறுகிறது

சிறுநீரகத்திலிருந்து நீரைக் கீழே கொண்டுவரும், பிறவியில் நமக்கு அமைந்த சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பையின் சுவரை நேராகத் துளைத்து உள்ளே வருவதில்லை. சுவருக்குள்ளேயே சாய்வாகக் கொஞ்ச தூரம் ஓடி, பிறகுதான் உள்ளே திறக்கிறது. பை நிறையும்போதும், நீர் கழிக்கப் பை சுருங்கும்போதும், அந்தச் சாய்வான பகுதி சுவரோடு சேர்ந்து நசுங்கி மூடிக்கொள்ளும். நீர் கீழே வரலாம், மேலே போக முடியாது. மோட்டார் பைப்பில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு மாதிரிதான் இது.

மாற்று அறுவை சிகிச்சையில் புதுச் சிறுநீரகத்தை முதுகுப்புறம் வைப்பதில்லை. அடிவயிற்றில், பெரும்பாலும் வலது பக்கத்தில், இடுப்பெலும்புக்கு உள்ளே வைக்கிறார்கள். அதன் குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாக ஒரு துளையிட்டுத் தைக்கிறார்கள். பிறவி வால்வுக்குப் பதிலாகப் பையின் தசையை மடித்து, குழாய் சில சென்டிமீட்டர் உள்ளே ஓடும்படி ஒரு சுரங்கம் செய்வார்கள். குழாயின் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நீளம் இருந்தால் அந்தச் சுரங்கம் நன்றாக மூடும் என்பது சிறுநீரியல் அறுவை சிகிச்சையின் பழைய கணக்கு. பை சுருங்கியிருந்தாலோ, சுவர் மெலிந்திருந்தாலோ அவ்வளவு நீளம் கிடைக்காது. அப்போது பையில் இருக்கும் நீர் குழாய் வழியாக மேலேறும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. டயாலிசிஸில் வருடக்கணக்காக இருந்தவருக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றே போயிருக்கும். பயன்படாத பை சுருங்கி, விறைத்துப் போகிறது. மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் நாளுக்கு 2, 3 லிட்டர் நீர் திடீரென அந்தச் சின்னப் பைக்குள் இறங்கும். உள்ளே அழுத்தம் கூடும், நீர் மேலே தள்ளப்படும். முதல் சில வாரங்கள் அரை மணிக்கு ஒரு தடவை ஓடவேண்டியிருப்பது இதனால்தான். வாரங்கள், மாதங்கள் போகப் போக பை மெல்ல விரிந்து கொடுக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நீர் மேலேறுவது மாற்றுச் சிறுநீரகத்தில் அரிதான விஷயம் அல்ல. படம் எடுத்துப் பார்த்தால் கணிசமானவர்களுக்கு ஓரளவு இருக்கும். அவர்களில் பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். கிருமி இல்லாத நீர் லேசாக ஏறி இறங்குவதால் பெரிய கேடு வருவதில்லை. மேலேறும் நீரில் கிருமி இருக்கும்போதுதான் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதனால் ரிப்போர்ட்டில், நீர் மேலேறுவதைக் குறிக்கும் "ரிஃப்ளக்ஸ்" என்ற சொல்லைப் பார்த்ததுமே அறுவை சிகிச்சை என்று பயப்பட வேண்டாம்.

முதல் படி: ஸ்டென்ட் எடுக்கும் தேதி

தைத்த இடம் கசியாமலும் அடைபடாமலும் இருக்க, புதுக் குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய வளைகுழாய் வைப்பது வழக்கம். ஒரு முனை சிறுநீரகத்தில், மறுமுனை சிறுநீர்ப்பையில் சுருண்டிருக்கும். அது உள்ளே இருக்கும்வரை குழாயின் வாய் திறந்தேதான் கிடக்கும். பை சுருங்கும்போதெல்லாம் நீர் மேலே போகும். ஸ்டென்டின் மேல் கிருமிகள் பாசி போலப் படிந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் சரியாக நுழையாது.

வழக்கமாக 2 முதல் 6 வாரத்துக்குள் ஸ்டென்டை எடுத்துவிடுவார்கள். சிறுநீர்த்துளையை மரத்துப்போகச் செய்யும் ஜெல் போட்டு, அதன் வழியே விடும் சிஸ்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் மூலம் உருவி எடுக்கிற சின்ன வேலைதான், சில நிமிடங்களில் முடியும். சிக்கல் வேலையில் இல்லை, மறதியில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்து, காயம் ஆறி, நீர் நன்றாகப் போகிறது என்றதும் அந்த ஒரு பயணம் தள்ளிப்போகும். மாதக்கணக்கில் கிடந்த ஸ்டென்டின் மேல் கல் படிந்து இறுகி, எளிதில் உருவ முடியாமல் போகும். பெரிய சிகிச்சையே தேவைப்படும். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஸ்டென்ட் உள்ளது" என்று எழுதியிருக்கிறதா, எடுக்கும் தேதி எது என்று அங்கேயே கேட்டு, வீட்டுத் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் கேட்காமல் வண்டி ஏறாதீர்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம்

மாற்று சிகிச்சைக்குப் பிறகு வரும் தொற்றுகளில் மிகச் சாதாரணமானது சிறுநீர்த் தொற்றுதான். முதல் 3 முதல் 6 மாதம் ஆபத்து உச்சத்தில் இருக்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளின் அளவு அப்போதுதான் அதிகம், ஸ்டென்டும் சிறுநீர் டியூபும் போடப்படுவதும் அப்போதுதான். பெண்கள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்கள், சிறுநீர்ப்பை நரம்புக் கோளாறு உள்ளவர்கள் எல்லாருக்கும் வாய்ப்பு கூடுதல். சிறுவயதிலேயே சிறுநீர்ப் பாதையில் பிறவி அடைப்போ ரிஃப்ளக்ஸோ இருந்து, அதனாலேயே சிறுநீரகம் கெட்டுப்போன இளைஞர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் புதிது, ஆனால் பை பழைய பைதான். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்பதால், அவற்றுக்குள் நீர் ஏறித் தேங்கி, கிருமி அங்கே குடியிருக்கவும் கூடும்.

இரண்டாம் படி: நீரைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவது

டாக்டர் அளவு கட்டுப்படுத்தவில்லை என்றால் நாளுக்கு 2.5 முதல் 3 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவர்களுக்கும், சிறுநீர் குறைவாகப் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். சொம்புக் கணக்கு தவறும். 1 லிட்டர் பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, மதியத்துக்குள் ஒன்று, பொழுது சாய்வதற்குள் ஒன்று என்று முடியுங்கள். மாசி முதல் வைகாசி வரை வெயிலில் வேலை செய்கிறவர்கள் வேர்த்துப்போன அளவுக்கு மேலும் சேர்க்க வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தைவிட அடர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

முட்டிக்கொண்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் பையின் உணர்வு மந்தமாக இருக்கலாம். விழித்திருக்கும் நேரத்தில் 2 முதல் 3 மணிக்கு ஒரு தடவை, இரவில் ஒரு தடவை எழுந்து போவது நல்லது.

இனி சொல்வது நீர் மேலேறுகிறவர்களுக்கு மிக முக்கியமான பழக்கம். ஒரு தடவை கழித்து முடித்ததும் எழுந்து போய்விடாமல், 2 முதல் 5 நிமிடம் பொறுத்து மறுபடி கழியுங்கள். முதல் தடவை பை சுருங்கும்போது கொஞ்சம் நீர் மேலே சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும். பை தளர்ந்ததும் அது திரும்பிப் பைக்குள் இறங்கும். நீங்கள் பை காலி என்று நினைத்து எழுந்துவிட்டால், இறங்கி வந்த அந்த நீர் அடுத்த 3 மணி நேரம் உள்ளேயே தேங்கும். இரண்டாம் தடவை கழிப்பது அதை வெளியேற்றத்தான். ஆண்களும் உட்கார்ந்து கழித்தால் பை நன்றாகக் காலியாகும். முக்கி அழுத்த வேண்டாம், அது நீரை மேலேயும் தள்ளும்.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இறுகிய மலம் பையை அழுத்தி, முழுதாகக் காலியாகவிடாமல் செய்யும். களியும் கீரையும் சாப்பிடுகிற பழக்கம் இங்கே உதவுகிறது. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் அதிகம் என்று சொல்லப்பட்டவர்கள் கீரையின் அளவை உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். உடலுறவுக்குப் பின் இருவரும் கழுவிக்கொண்டு, பெண் உடனே சிறுநீர் கழிப்பது தொற்றைக் குறைக்கும். சோப்பாலோ டெட்டாலாலோ உள்ளே கழுவுவது தீங்கு, அங்கே இருக்கிற நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும்.

பயணம் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக்கு ரிவ்யூவுக்குப் போவதென்றால் இங்கிருந்து ஆறு, ஏழு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று பெண்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொள்வதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடக்கிய பையில் கிருமி பெருகும், அழுத்தத்தில் மேலேறவும் செய்யும். முடிந்தால் ரயிலில் போங்கள். பஸ் என்றால் ஏறுவதற்கு முன் இரண்டு தடவை கழித்துவிட்டு, பாட்டில் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்து, நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் போய் வாருங்கள். "ஆபரேஷன் ஆனவங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கத் தயங்க வேண்டாம். இன்னொன்று: ரிவ்யூ அன்று, எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால், முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். பஸ்ஸிலேயே காலை மாத்திரையைப் போட்டுவிட்டால் அந்த அளவைக் கொண்டு டாக்டரால் முடிவெடுக்க முடியாது.

தண்ணீரும் நாட்டு மருந்தும்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பல்லில் காவிக் கறையும் மூட்டு விறைப்பும் அதனால்தான். 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் வருவதும் இதற்காகவே. உடம்பில் சேரும் ஃப்ளோரைடைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. ஒரே ஒரு சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு நாளுக்கு 3 லிட்டர் குடிக்கிறவர் போர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஆவியாகிச் சுண்டுவதால் அது சற்றுக் கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் குழாய் நீரைக் கொதிவந்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டு ஆறவைத்துக் குடிப்பது, இல்லையென்றால் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஆர்ஓ நீரைக் குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரக் கம்மங்கூழிலும் மோரிலும் ஊற்றுகிற தண்ணீர் எது என்று தெரியாது. வீட்டில் செய்து குடியுங்கள்.

நெருஞ்சில் கஷாயம், சிறுபீளைக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு மூன்றையும் அன்போடுதான் கொண்டுவந்து கொடுப்பார்கள். நீரைப் பெருக்குகிற இவை தொற்றைக் கொல்வதில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மருந்துகளோடு சேர்ந்து என்ன செய்யும் என்று அளந்து சொல்ல வழியில்லாத எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் இருக்கிறது, டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. பம்பளிமாஸ் பழத்தை அறவே தவிர்க்க வேண்டும், அது டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டிவிடும். பார்லித் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் மருந்தாக நினைத்து அல்ல.

மூன்றாம் படி: அறிகுறியை நம்பியிருக்காமல் அளந்து பார்ப்பது

எரிச்சல், அடிக்கடி போக வேண்டியிருத்தல், கலங்கல், நாற்றம், ரத்தம் ஆகியவை பையில் தொற்று என்பதைக் காட்டும். குளிர் நடுக்கம், காய்ச்சல், வாந்தி, வைத்த சிறுநீரகத்தின் மேல் தொட்டால் வலி, அந்த இடம் வீங்கி இறுகுதல் ஆகியவை மேலே ஏறிவிட்டது என்பதைக் காட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதுச் சிறுநீரகத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால் வலி மங்கலாகத்தான் தெரியும். எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தான பிரட்னிசோலோன் காய்ச்சலை அமுக்கிவிடும். ஆகவே "வலியே இல்லையே, காய்ச்சலும் லேசாத்தானே" என்பது ஆறுதல் ஆகாது. வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் பிபி கருவியும் வைத்திருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அன்றே மருத்துவமனை. 99.5 தான், ஆனால் நடுக்கம் இருக்கிறது என்றாலும் அதேதான். சில பேருக்கு ஒரே அறிகுறி, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதாக மட்டுமே இருக்கும்.

நான்காம் படி: யூரின் கல்ச்சருக்குச் சரியாக மாதிரி எடுப்பது

சிகிச்சையில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள். லேபில் கேட்டு, மூடி பிரிக்காத ஸ்டெரைல் டப்பா வாங்குங்கள். வீட்டு மருந்து பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால் ரிப்போர்ட்டில் வருவது பாட்டிலின் கிருமி. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெண்கள் சிறுநீர்த்துளைப் பகுதியை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, இதழ்களை விலக்கிப் பிடித்தபடியே கழிக்க வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். முதலில் வரும் நீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, ஓட்டம் நிற்காமல் இருக்கும்போதே டப்பாவை நீட்டி நடுவில் வருவதை 20 முதல் 30 மில்லி பிடித்து, மிச்சத்தை மறுபடி கழிப்பறையில் விடுங்கள். டப்பாவின் உட்பக்கத்திலும் மூடியின் உட்பக்கத்திலும் விரல் படக் கூடாது.

பிடித்த மாதிரி 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். அஞ்செட்டியிலோ சித்தேரி மலையிலோ இருந்து வருகிறவர்கள் வீட்டிலேயே பிடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால், வெயிலில் வரும் வழியிலேயே ஒன்று இரண்டு கிருமி ஆயிரக்கணக்காகப் பெருகிவிடும், இல்லாத தொற்று இருப்பதாக வரும். லேபுக்கு வந்தபின் பிடிப்பதே நல்லது. முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். முன்பே ஆன்டிபயாட்டிக் ஏதாவது போட்டிருந்தால் அதன் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். பிறகு எந்த மருந்து கேட்கும் என்பதைக் கண்மூடித்தனமாக ஊகிக்க வேண்டிவரும்.

முடிவு வர 2, 3 நாள் ஆகும். ஒரு மில்லியில் 1,00,000-க்கு மேல் ஒரே வகைக் கிருமி வளர்ந்தால் அது பொருட்படுத்த வேண்டியது. அறிகுறி இருந்தால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையையும் டாக்டர் கணக்கில் எடுப்பார். மூன்று, நான்கு வகை கலந்து வந்திருந்தால் மாதிரி கெட்டுப்போயிருக்கிறது, மறுபடி கொடுக்க வேண்டும். பெரும்பாலும் வருவது ஈ.கோலை, அடுத்து கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ். ரிப்போர்ட்டின் கீழே உள்ள மருந்துப் பட்டியலில் எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. சீழ் அணுக்கள் நிறைய, கல்ச்சரிலோ ஒன்றும் வளரவில்லை, இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் காசநோய்க்கும் சோதிக்க வேண்டும். நம் நாட்டில் அதை மறந்துவிடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது, எதற்கோ எடுத்த பரிசோதனையில் கிருமி இருப்பதாக வரும், உடனே ஒரு கோர்ஸ் மருந்து. மாற்று சிகிச்சை முடிந்து முதல் இரண்டு மாதங்களைத் தாண்டிய பிறகு, அறிகுறி இல்லாத கிருமிக்கு மருந்து கொடுப்பதால் சிறுநீரகத்துக்கு நன்மை இல்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். கர்ப்பிணிகளுக்கும், சிஸ்டோஸ்கோபி போன்ற வேலைக்கு முன்னும் மட்டும் விதிவிலக்கு. தேவையில்லாமல் ஒவ்வொரு தடவையும் மருந்து போட்டால், நிஜமாகவே தொற்று வரும் நாளில் கேட்கிற மருந்து மிஞ்சாது. "கிருமி இருக்குன்னு எழுதியிருக்கே, மாத்திரை எழுதித் தாங்க" என்று டாக்டரை நெருக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உள்ளூரில் முதல் சிகிச்சை

நடுக்கத்தோடு காய்ச்சல், பிபி இறக்கம், மயக்கக் குழப்பம், மாத்திரை தங்காத வாந்தி, நாள் முழுக்க அரை லிட்டருக்கும் குறைவான சிறுநீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்று சிகிச்சை செய்த ஊருக்கு விடியற்காலை பஸ் பிடிப்பதென்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அதைவிட அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய், ரத்தக் கல்ச்சர், யூரின் கல்ச்சர் எடுத்த கையோடு முதல் டோஸ் ஊசி மருந்து ஏறிவிட வேண்டும். ரத்தத்தில் கிருமி பரவும் நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். அதே நேரத்தில் வீட்டார் ஒருவர் மாற்று சிகிச்சை மையத்துக்குப் போன் செய்து, பணியில் இருக்கும் டாக்டரை இங்கே உள்ள டாக்டரோடு பேசவைக்க வேண்டும். நிலைமை சீரானபின் வேலூருக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ மாறிக்கொள்ளலாம்.

உள்ளூர் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "எனக்குச் சிறுநீரகம் மாத்தியிருக்கு, இந்த மருந்துகள் சாப்பிடுறேன்." மாத்திரை அட்டைகளையே காட்டுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஊசியும் மாத்திரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் எல்லாம் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின் அதைச் சரேலென்று இறக்கும். அமிக்காசின், ஜென்டாமைசின் சிறுநீரகத்துக்கு நேரடியாகவே கெடுதல், வேறு வழி இல்லாதபோதுதான் அளந்து கொடுப்பார்கள். நைட்ரோஃப்யூரன்டாயின் பையில் உள்ள தொற்றுக்கு மட்டும்தான் ஆகும், சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு போகாது. காய்ச்சல் இருக்கிறவருக்கு அதைக் கொடுத்து, இரண்டு நாள் வீணாகப் போய், நோய் முற்றுவது நடக்கிறது. கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் பலருக்கு முதல் 6 முதல் 12 மாதம் தினமும் தடுப்பாகவே கொடுக்கப்படும். அது கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் ஏற்றிக் காட்டக்கூடும் என்பதால் சொந்தமாக அளவைக் கூட்டாதீர்கள்.

பையோடு நின்ற தொற்றுக்கு வழக்கமாக 5 முதல் 10 நாள், சிறுநீரகத்துக்கு ஏறியதற்கு 14 நாள் அல்லது அதற்கு மேல். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், அங்கேயே மருந்தை நிறுத்தினால் மீதிக் கிருமி பிழைத்துக்கொள்ளும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கவே இல்லை என்றால் மருந்து பொருந்தவில்லை, இல்லையென்றால் உள்ளே அடைப்போ சீழ்க்கட்டியோ இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டும். டாக்ரோலிமஸை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வயிற்றுப்போக்கு சேர்ந்திருந்தால் அதன் அளவு ஏறக்கூடும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தொற்று நேரத்தில் கிரியேட்டினின் ஏறுவது, உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஏற்காமல் தாக்கும் நிராகரிப்பு போலவே தோன்றும். இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர், அதைப் பிரித்தறிவது மாற்று சிகிச்சை மையத்தின் வேலை.

ஆறாம் படி: திரும்பத் திரும்ப வந்தால்

6 மாதத்தில் இரண்டு, அல்லது 12 மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டால் இனி மருந்து மட்டும் போதாது, காரணத்தைத் தேட வேண்டும். ஒரே கிருமி, மருந்து முடிந்து இரண்டு வாரத்துக்குள் திரும்பினால் அது எங்கோ ஒளிந்திருக்கிறது: கல், மறந்த ஸ்டென்ட், புராஸ்டேட், பழைய சிறுநீரகம்.

முதலில் அல்ட்ராசவுண்ட், நீர் கழிப்பதற்கு முன்னும் பின்னும். மாற்றுச் சிறுநீரகம் பை நிறைந்திருக்கும்போது லேசாக விரிந்து தெரிவது சகஜம், கழித்தபின் சுருங்கினால் கவலை இல்லை. கழித்தபின் பையில் 50 மில்லிக்குள் மிஞ்சினால் நல்லது, 100-ஐத் தாண்டினால் ஏன் என்று பார்க்க வேண்டும். மிச்சம் நிற்பதற்குப் புராஸ்டேட் காரணமென்றால் டாம்சுலோசின் போன்ற மாத்திரை, நரம்புக் கோளாறு என்றால் நாளுக்கு நான்கைந்து தடவை தானே மெல்லிய குழாய் விட்டு நீரெடுக்கும் பயிற்சி. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நன்றாகப் பலன் தரும், கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள், அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து.

ரிஃப்ளக்ஸை நேரில் காட்டுவது எம்சியூஜி என்ற எக்ஸ்ரே. தொற்று முழுவதும் அடங்கி, கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்த பிறகே, ஆன்டிபயாட்டிக் பாதுகாப்போடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையே கிருமியை மேலே ஏற்றிவிடும். மெல்லிய டியூப் வழியாகச் சாய மருந்தைப் பைக்குள் நிரப்பி, நிரம்பும்போதும், நீங்கள் கழிக்கும்போதும் படம் எடுப்பார்கள். சிலருக்குக் கழிக்கும் நொடியில்தான் மேலேறும், ஆகவே மேஜையில் படுத்தபடி எல்லார் முன்னாலும் கழிக்க வெட்கமாக இருந்தாலும் கழித்தே ஆக வேண்டும். ஒரு நாள் லேசான எரிச்சல் இருக்கும். ரிப்போர்ட்டில் 1 முதல் 5 வரை தரம் போட்டிருக்கும்: 1 என்றால் குழாய்க்குள் மட்டும், 2 என்றால் சிறுநீரகம் வரை ஆனால் விரிவு இல்லை, 3 முதல் விரிவு தொடங்கும், 5 என்றால் குழாய் பெரிதாகி முறுக்கிக்கொண்டிருக்கிறது. தரம் எத்தனை என்பதைவிட, அதோடு காய்ச்சல் தொற்று எத்தனை தடவை வந்தது, கிரியேட்டினின் நகர்கிறதா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

முதலில் நீர் கழிக்கும் பழக்கங்களும், குறைந்த அளவில் சில மாதம் தடுப்பு மருந்தும். அதையும் மீறிச் சிறுநீரகத்துக்கு ஏறும் தொற்று தொடர்ந்தால், சிஸ்டோஸ்கோப் வழியாகக் குழாய் வாயின் அடியில் ஜெல் ஊசி போட்டு வாயைக் குறுக்கும் முறை இருக்கிறது. அன்றே வீடு திரும்பலாம். ஆனால் மாற்றுக் குழாயின் வாய் பையின் மேற்பகுதியில் இருப்பதால் ஊசியைச் சரியான இடத்தில் போடுவது கடினம், பலன் ஆளுக்கு ஆள் மாறும், சில சமயம் மறுபடி போட வேண்டியிருக்கும். நீடித்து நிற்பது அறுவை சிகிச்சைதான். குழாயை எடுத்து நீளமான சுரங்கத்தோடு மறுபடி பொருத்துவார்கள். அல்லது நோயாளியின் சொந்தப் பழைய சிறுநீர்க்குழாய் நன்றாக இருந்தால் அதைப் புதுச் சிறுநீரகத்தோடு இணைப்பார்கள். பிறவி வால்வு அப்படியே இருப்பதால் இது நல்ல வழி. ஆகவே பழைய சிறுநீரகத்தை எடுக்கும் பேச்சு எப்போதாவது வந்தால், அந்தப் பக்கக் குழாயை விட்டுவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சில வாரங்களுக்கு ஸ்டென்ட் இருக்கும். எடுக்கும் தேதியை மறுபடியும் காலண்டரில் எழுதிவிடுங்கள்.